ஸ்காட்லாந்து வடகரையில் புயல் மாதங்களில் கேம்பர்வேன் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்வர்னஸில் தொடங்கி, மேற்குக் கரை, வடக்குக் கரை, கிழக்குக் கரை என்று சுற்றி மறுபடி இன்வர்னஸுக்கே வரும் 516 மைல் (சுமார் 830 கி.மீ.) வழிக்கு 2015-இல் ‘நார்த் கோஸ்ட் 500’ என்று பெயர் வைத்தார்கள். கோடையில் இந்தச் சாலையில் நெரிசல். அக்டோபர் முதல் மார்ச் வரை கூட்டம் குறைவு, ஆனால் அட்லாண்டிக் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதும். அந்த மாதங்களில் லண்டன், லெஸ்டர் பக்கமிருந்து சொந்த வேனில் கிளம்புகிறவர்களும், ஊரிலிருந்து வந்து வாடகை வேன் எடுப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் கீழே.

மழை பெய்தால் பயணத்தை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். மழைக்காக நிறுத்தினால் மேற்குக் கரையில் வேனை எடுக்கவே முடியாது. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலைகளில் ஏறிக் கொட்டுவதால் டாரிடன், கின்லோக்யூ பகுதிகளில் ஆண்டுக்கு 2000 மி.மீ.க்கு மேல் மழை. மலைகளைத் தாண்டியிருக்கும் இன்வர்னஸில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.

வேனை நிறுத்த வைப்பது காற்று. உயரமான பக்கச்சுவரின் மீது காற்று தரும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 30 மைல் வேகக் காற்று 60 ஆனால் விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. 6 மீட்டர் நீள, உயர்கூரை வேனின் பக்கத்தை 60 மைல் வீச்சு நேராகத் தாக்கினால் ஏறக்குறைய அரை டன் எடை பக்கவாட்டில் தள்ளுவதற்குச் சமம். அதனால் முடிவெடுக்கக் காற்றின் சராசரி வேகத்தைப் பார்க்காதீர்கள். முன்னறிவிப்பில் தனியாகத் தரப்படும் திடீர் வீச்சின் வேகத்தைப் பாருங்கள்.

நாங்கள் பரிந்துரைக்கும் அளவு இது. வீச்சு மணிக்கு 35 மைலுக்குள் இருந்தால் சாதாரணமாக ஓட்டலாம். 35 முதல் 45 வரை என்றால் குறுகிய தூரம், பாலங்களும் திறந்த கரையும் இல்லாத வழி. 45-ஐத் தாண்டினால் உயர்கூரை வேனை எடுக்க வேண்டாம். தாழ்ந்த வேனுக்கு இன்னும் ஐந்து மைல் சலுகை தரலாம், அதற்கு மேல் இல்லை.

புயல் கடந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மழை விட்டு வெயில் வந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். பலரும் சிக்குவது இங்கேதான். தாழ்வழுத்தம் நெருங்கும்போது தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ காற்று வலுத்து மழை தொடங்கும். பிறகு தென்மேற்குக் காற்றோடு வெதுவெதுப்பான தூறல், மூடுபனி. அதன்பின் குளிர்முகப்பு (பின்னால் வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு) கடந்ததும் வானம் சட்டென்று வெளுக்கும், மலை தெளிவாகத் தெரியும். ஆனால் காற்று வடமேற்குக்குத் திரும்பியிருக்கும். ஆலங்கட்டி மழையோடு கூடிய மிகக் கடுமையான வீச்சுகள் பெரும்பாலும் இந்த மூன்றாம் கட்டத்தில்தான் வரும்.

இன்னொன்று: முந்தின மாலை தெற்குக் காற்றுக்கு மறைவாகத் தேர்ந்த இடம், விடிகாலையில் வடமேற்குக் காற்றுக்கு முழுமையாகத் திறந்து கிடக்கும். இரவு நிறுத்தும் இடத்தை இரவு எட்டு மணிக் காற்றுக்கு அல்ல, அதிகாலை நான்கு மணிக் காற்றின் திசைக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள்.

எந்த முன்னறிவிப்பை நம்பலாம்?

பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆபீஸின் மணிவாரி முன்னறிவிப்பும் எச்சரிக்கைகளும் அடிப்படை. மஞ்சள், ஆம்பர் (செம்மஞ்சள்), சிவப்பு என மூன்று நிறம். நிறம் காற்றின் வேகத்தை மட்டும் குறிப்பதில்லை. பாதிப்பு எவ்வளவு, நடக்க வாய்ப்பு எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்துத் தீர்மானிக்கப்படுவது. மஞ்சள் எச்சரிக்கையைத் திறந்து உள்ளே படித்தால், ‘நடந்தால் கடும் பாதிப்பு, ஆனால் வாய்ப்பு குறைவு’ என்றும் இருக்கலாம். அப்படிப்பட்ட மஞ்சளை அலட்சியம் செய்யக்கூடாது. ஆம்பர் வந்தால் வேன் நகரக்கூடாது.

மலைப்பாதைகளுக்கு மலை வானிலைக்கான தனி முன்னறிவிப்பைப் பாருங்கள். சாலை மூடல்களுக்கும் பாலங்களின் நிலைக்கும் டிராபிக் ஸ்காட்லாந்து தளம். காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் பார்ப்பது நல்லது. சிக்னல் கிடைக்கும் ஊரிலேயே பார்த்து, படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

எந்தத் திசையில் சுற்றுவது?

கிளம்பும் நாளின் முன்னறிவிப்பே முடிவு செய்யட்டும். முதல் இரண்டு நாள் புயல் என்றால் கிழக்குக் கரையில் தொடங்குங்கள். டெய்ன், டோர்னாக், ஹெல்ம்ஸ்டேல் வழியாகப் போகும் ஏ9 இரட்டைத் தடச் சாலை. ஊர்களும் கடைகளும் நெருக்கம். காற்று தணிந்த நாட்களை மேற்குக்கு ஒதுக்குங்கள்.

கடிகாரச் சுற்றில் போனால் கடல் உங்கள் இடப்பக்கம், அதாவது நீங்கள் ஓட்டும் பக்கத்தின் விளிம்பு. காட்சி அருமை, மேற்குக் காற்று வேனை நிலத்தின் பக்கமாக, எதிர்த்தடத்தை நோக்கித் தள்ளும். எதிர்ச்சுற்றில் அதே காற்று சாலையோரச் சேற்றை நோக்கித் தள்ளும்.

எத்தனை நாள் வேண்டும்?

குளிர்காலத்தில் குறைந்தது பத்து. அதில் மூன்று நாளை ‘ஒன்றும் செய்யாத நாள்’ என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஒரு வாரத்தில் முழுச் சுற்று, ஒவ்வோர் இரவும் முன்பதிவு என்று கட்டிப்போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் ஓட்டக்கூடாத காற்றில் ஓட்டுகிறார்கள். இந்தப் பயணத்தில் நேரமிச்சமே பாதுகாப்பு.

தூரம் சிறிதாகத் தெரியும். இன்வர்னஸ்–அல்லாபூல் 57 மைல், அல்லாபூல்–டர்னஸ் சுமார் 70, டர்னஸ்–தர்சோ சற்றே கூடுதலாக 70, தர்சோ–ஜான் ஓ’க்ரோட்ஸ் 20, அங்கிருந்து இன்வர்னஸ் 120. ஆனால் ஒரு வண்டிக்கு மட்டுமே அகலமுள்ள ஒற்றைத் தடச் சாலையில் மணிக்கு 25 மைல் சராசரி கிடைத்தாலே நல்லது. டிசம்பர் கடைசியில் டர்னஸில் பகல் வெளிச்சம் ஆறு மணி நேரம் சொச்சம். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்தள்ளியதும் மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். ஒரு நாளைக்கு 60 மைலுக்கு மேல் திட்டமிட வேண்டாம்.

இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமம் செல்லுமா?

பிரிட்டனுக்குள் வந்த நாளிலிருந்து 12 மாதம் வரை, 3.5 டன்னுக்கு மிகாத வேனை ஓட்டலாம். வாடகை நிறுவனங்கள் வயது, அனுபவம் குறித்துத் தனி விதிகள் வைத்திருக்கும், முதலிலேயே கேளுங்கள். வெற்று எடை 3.05 டன்னைத் தாண்டிய கேம்பர்வேனுக்கு, நடுவே பிரிப்பு இல்லாத சாலையில் வேக வரம்பு 60 அல்ல, 50 மைல். மது வரம்பு ஸ்காட்லாந்தில் இங்கிலாந்தைவிடக் கடுமை: 100 மி.லி. இரத்தத்தில் 50 மி.கி. முந்தின இரவு குடித்தது காலையிலும் இரத்தத்தில் இருக்கும்.

பாப்-டாப் வேனா, உயர்கூரை வேனா?

குளிர்காலத்துக்கு உயர்கூரை. துணிச்சுவர் கொண்ட பாப்-டாப் கூரையை 30 மைல் காற்றுக்கு மேல் திறந்து வைக்கக்கூடாது. துணி படபடத்துத் தூக்கம் போகும், மடிப்புக் கம்பிகள் வளையும். கூரையை இறக்கிவிட்டுக் கீழே எல்லோரும் படுக்க இடமிருந்தால் மட்டும் பாப்-டாப் எடுங்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு அது நடக்காது.

ஓட்டும்போது கதை மாறும். ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் அளவுள்ள 2 மீட்டர் உயர வேன் குறுகிய சாலையிலும் பக்கக்காற்றிலும் எளிது. இருவர் மட்டும் என்றால் அதுவே போதும். ஏழு மீட்டர் மோட்டார்ஹோம் இந்த வழிக்கு எந்த மாதத்திலும் சரியான தேர்வு அல்ல.

பெலாக் நா பா மலைப்பாதையில் வேன் போகலாமா?

சிறிய வேன், காய்ந்த சாலை, காற்றில்லாத நாள் என்று மூன்றும் அமைந்தால் போகலாம். மோசமான வானிலையில் கூடாது. மேற்குக் கரையின் ஆப்பிள்கிராஸ் சிற்றூருக்குப் போக, கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டருக்கு ஏறும் ஒற்றைத் தடப் பாதை இது. சரிவு 20 சதவீதத்தை நெருங்கும். உச்சிக்கு முன்னால் கொண்டை ஊசி வளைவுகள். மிகப் பெரிய வாகனங்களும் கேரவன்களும் வேண்டாம், பனியில் கடக்க முடியாது என்று அடிவாரத்திலேயே பெரிய பலகை நிற்கிறது. எதிரே வண்டி வந்தால் வளைவில் பின்னால் வரவேண்டியிருக்கும், கிளட்ச் கருகும். உச்சியில் காற்று அடிவாரத்தைப் போல இரு மடங்கு இருப்பது சாதாரணம்.

ஆப்பிள்கிராஸ் போயே ஆகவேண்டும் என்றால் ஷீல்டெய்கிலிருந்து கரையோரச் சாலை, சுமார் 24 மைல். போன வழியே திரும்பி வரவேண்டும். புயல் நாளில் இதை விட்டுவிட்டு ஷீல்டெய்கிலிருந்து டாரிடன் வழியாகக் கின்லோக்யூ போகும் ஏ896 சாலையில் போங்கள். மழையில் லியாக், பெய்ன் ஈ மலைகளின் பாறைச் சரிவுகளெங்கும் வெள்ளை அருவிகள் இறங்கும். அதற்காகவே மழை நாளில் அங்கே போகலாம்.

தவிர்க்க வேண்டிய வேறு சாலைகள்?

லாக்கின்வரிலிருந்து கைலெஸ்கு போகும் பி869, டிரம்பெக் சாலை. 25 சதவீதச் சரிவுகள், குருட்டு மேடுகள். அதற்குப் பதில் லாக் அசிண்ட் ஏரியோரமாக ஏ837, பிறகு ஏ894. கைல் ஆஃப் டங் நீர்ப்பரப்பின் மேல் 1971-இல் கட்டிய தரைப்பாலம் காற்றுக்கு முழுக்கத் திறந்தது; கடக்கும் முன் நிறுத்திப் பாருங்கள்.

ஸ்கை தீவிலிருந்து வந்து சேர்கிறவர்கள் ஸ்ட்ரோம்ஃபெரி அருகே ஏ890 திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2011 டிசம்பரில் விழுந்த பாறைச் சரிவால் அந்தச் சாலை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. கனமழைக்குப் பிறகு இன்றும் அந்த இடம் சந்தேகத்துக்குரியது.

நடுவழியில் வானிலை கெட்டால் தப்பிக்க வழி உண்டா?

உண்டு, வரைபடத்தில் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். லாக்ஸ்ஃபோர்ட் பாலத்திலிருந்து லாக் ஷின் ஏரியோரமாக லேர்க் போகும் ஏ838. டங்கிலிருந்து அல்ட்னஹாரா வழியாக லேர்க் போகும் ஏ836. மெல்விச்சிலிருந்து ஹெல்ம்ஸ்டேல் இறங்கும் ஏ897. மூன்றுமே பெரும்பாலும் ஒற்றைத் தடம்தான். கடற்காற்றிலிருந்து உள்ளே கொண்டுபோகும். ஆனால் காற்று தணிந்து வானம் தெளிந்த இரவில் இவை பனிக்கட்டிப் பாதைகள். அல்ட்னஹாராவில் 1995 டிசம்பர் 30-இல் மைனஸ் 27.2 டிகிரி பதிவானது. பிரிட்டனின் மிகக் குறைந்த வெப்பநிலைப் பதிவுகளில் அதுவும் ஒன்று. புயலுக்கு உள்நாட்டுச் சாலை, உறைபனிக்குக் கரையோரச் சாலை என்று நினைவில் வைத்தால் போதும்.

ஒற்றைத் தடச் சாலையில் எப்படி வழி விடுவது?

பாஸிங் பிளேஸ் எனப்படும் ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் உங்கள் தடத்திலேயே அதற்கு நேராக நின்று, எதிர்வண்டி அதில் நுழைந்து கடக்கட்டும். வலப்பக்கம் தாண்டிப் போகவே கூடாது. யார் ஒதுங்குமிடத்துக்கு அருகில் இருக்கிறாரோ அவர் பின்னால் வருவது வழக்கம். ஏறிவரும் வண்டிக்கும் பாரவண்டிக்கும் முன்னுரிமை கொடுங்கள். பின்னால் உள்ளூர் வண்டி தெரிந்தால் அடுத்த ஒதுங்குமிடத்தில் இண்டிகேட்டர் போட்டு வழி விடுங்கள். அதில் வருவது மருத்துவராகவோ பள்ளி வாகனமாகவோ இருக்கலாம். படம் எடுக்கவோ, தேநீர் போடவோ, தூங்கவோ அங்கே நிறுத்தக்கூடாது.

இருட்டியதும் மான்கள் சாலைக்கு இறங்கும். ஒன்று கடந்தால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

சக்கரம் ஓரச் சேற்றில் இறங்கிவிட்டால்?

சாலையோரம் பச்சையாகத் தெரிவது புல்தரை அல்ல, நீர் ஊறிய கரிமண். மூன்று டன் வேனின் இடச்சக்கரங்கள் ஒரு நொடியில் அச்சுவரை இறங்கிவிடும். முதல் வேலை, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இருப்பது. சக்கரம் சுழலச் சுழலக் குழிதான் ஆழமாகும்.

எல்லோரையும் இறக்குங்கள். ஸ்டியரிங்கை நேராக்குங்கள். டிரைவ் சக்கரத்தின் பின்னால் உள்ள சேற்றைக் கையால் வாரிச் சரிவாக்கி, பிடிப்புப் பாயைச் சக்கரத்தடியில் ஒட்ட அழுத்துங்கள். பாய் இல்லையென்றால் வேனின் கால்மிதி ரப்பர் விரிப்பைத் தலைகீழாக வையுங்கள். ரிவர்ஸ் கியரில், கிளட்சை மெதுவாக விட்டு, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுக்க முயலுங்கள்; வந்த தடம் ஏற்கெனவே அழுந்தியது, பிடிப்பு கிடைக்கும். வண்டியின் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. இரண்டு முறை முயன்று நகரவில்லையென்றால் டிராக்டர்தான்.

இழுவைக் கொக்கி எங்கே இருக்கிறது, பம்பரில் எந்த மூடியைத் திறந்து திருக வேண்டும் என்று வேனை எடுக்கும்போதே பாருங்கள். சில வண்டிகளில் அதன் மரை எதிர்த்திசையில் திரும்பும். மழையில் அது தெரியாமல் மரையைக் கெடுப்பவர்கள் உண்டு. வழுக்கும் கேம்ப்சைட் புல்வெளியில் முன்சக்கர டிரைவ் வேனை, முகம் இறக்கத்தையும் கெட்டித்தரையையும் பார்க்க நிறுத்துங்கள். ஏற்றத்தில் முன்சக்கரத்தின் மீதான பாரம் குறைந்து சுழல ஆரம்பித்துவிடும்.

பக்கக்காற்றில் எப்படி ஓட்டுவது?

வேகத்தை 40-க்குக் கீழே கொண்டுவாருங்கள். இரு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும், ஆனால் இறுக்கிப் பிடித்து ஒவ்வொரு தள்ளுதலையும் எதிர்த்துத் திருப்பாதீர்கள். காற்று சட்டென்று நிற்கும்போது அந்தத் திருப்பலே உங்களை எதிர்ப்பக்கம் கொண்டுபோகும். மலை மறைவோ மரவரிசையோ முடியும் இடம், லாரி எதிரே கடக்கும் கணம், பாலத்தின் முதல் சில மீட்டர்: மூன்றிலும் வீச்சை எதிர்பார்த்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஏ9-இல் கெஸாக், குரோமார்ட்டி, டோர்னாக் ஃபெர்த் பாலங்களில் உயரமான வாகனங்களுக்கான எச்சரிக்கை போட்டிருந்தால் உங்கள் வேனும் அதில் அடக்கம்.

தண்ணீர்த் தொட்டி நிறைந்திருந்தால் பெரும்பாலும் நல்லது. தரையோடு ஒட்டிய நூறு கிலோ வண்டியை நிலைப்படுத்தும். கனமானதை மேல் அலமாரியில் வைக்காதீர்கள்.

சாலையில் வெள்ளம் ஓடினால்?

அடி தெரியாத ஓடும் நீரில் இறங்காதீர்கள். 30 செ.மீ. ஓடும் நீர் ஒரு காரையே மிதக்கவைக்கும். வேன் கனமானது என்று நம்பவேண்டாம். அதன் பெட்டி பெரிது. இந்தப் பகுதியின் ஓடைகள் மழையோடு ஏறி, மழை விட்டதும் வேகமாக வடிபவை. பெரும்பாலும் சில மணி நேரம் காத்திருந்தால் போதும்.

இரவு எங்கே நிறுத்தலாம்?

ஸ்காட்லாந்தின் 2003 நிலச் சட்டம் தரும் ‘எங்கும் கூடாரம் அடிக்கலாம்’ என்ற உரிமை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் வருபவர்களுக்கும். மோட்டார் வாகனத்துக்கு அது பொருந்தாது. கேம்ப்சைட், அல்லது இரவு தங்க அனுமதி எழுதியிருக்கும் கார் நிறுத்தம். வடக்கில் பல கேம்ப்சைட்கள் அக்டோபர் கடைசியில் மூடி ஈஸ்டரை ஒட்டித்தான் திறக்கும் என்பதால் முதல் நாளே தொலைபேசியில் கேளுங்கள்.

புயல் இரவுக்கு நல்ல இடம், ஊருக்குள் நீளமான கட்டடத்தின் மறைவு. கெட்ட இடங்கள் பல. பாறை முகட்டுக் கேம்ப்சைட் வெயிலில் சொர்க்கம். டர்னஸின் முகடுகள் வடக்குக் காற்றில் நேரடி இலக்கு. துறைமுகச் சுவரோரம் அலை கூழாங்கற்களை வாரி வீசும், அதிலும் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஓதத்தில். மரத்தடியில் கிளை விழும். செங்குத்து மலையின் அடிவாரம் மறைவாகத் தோன்றும், ஆனால் உச்சியைத் தாண்டிய காற்று அங்கேதான் குதித்து இறங்கிச் சுழலும்.

புயலுக்கு முன் வேனை எப்படி நிறுத்துவது?

மூக்கு காற்றைப் பார்க்க. இதுவே பாதி வேலை. காற்று திரும்பும் என்றால் இரண்டு திசைக்கும் நடுவே. சறுக்குக் கதவு காற்றின் மறைவுப் பக்கம் வரட்டும். ஹேண்ட்பிரேக்கோடு கியரிலும் போடுங்கள். கூரை ஜன்னல்களைப் பூட்டி, வெயில்மறைப்பு ஆனிங்கை உள்ளே சுருட்டுங்கள்; 20 மைல் காற்றுக்கே அது கிழிந்துபோகும். வெளிக் கண்ணாடித் திரையைக் கழற்றி உள்திரை போடுங்கள். சமநிலைக் கட்டைகளிலிருந்து இறங்கி நேரடியாகத் தரையில் நில்லுங்கள். கிளம்ப வேண்டி வந்தால் ஐந்து நிமிடத்தில் கிளம்பும்படி எல்லாம் கட்டி வைத்திருக்க வேண்டும்.

கதவு! பின்னாலிருந்து வரும் காற்று முன்கதவைப் பறித்து மடக்கி, கீலை வளைத்துவிடும். வாடகை வேன்களில் மிகச் சாதாரணமாக நடக்கும் சேதம் இது. ஒரு கையால் கதவையும் மறு கையால் வேனையும் பிடித்துத் திறங்கள். குழந்தைகள் கதவைத் திறக்க விடாதீர்கள்.

டீசல் ஹீட்டர் எவ்வளவு எரிக்கும்?

2 கிலோவாட் ஹீட்டர் ஓட்டத்துக்கு ஏற்ப மணிக்கு 0.1 முதல் 0.28 லிட்டர் வரை. எட்டு மணி நேர இரவுக்கு ஒன்றரை லிட்டர் டீசல், பேட்டரியில் சுமார் 10 ஆம்பியர்-மணி என்று கணக்கு வையுங்கள்.

நடு இரவில் ஹீட்டர் பற்ற மறுக்கிறது, ஏன்?

முதல் சந்தேகம் டீசல் டேங்க். ஹீட்டருக்குப் போகும் குழாயை டேங்கின் அடிவரை விடமாட்டார்கள், வேன் ஓடக் கொஞ்சம் டீசல் மிஞ்சவேண்டும் என்று மேலேயே நிறுத்துவார்கள். அதனால் கால் டேங்குக்குக் கீழே போனால் இன்ஜின் ஓடும், ஹீட்டர் ஓடாது.

இரண்டாவது பேட்டரி. பற்றவைக்கும் முதல் சில நிமிடம் குளோ பிளக் பத்து ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பலவீனமான பேட்டரியின் வோல்ட்டேஜ் அப்போது சரிந்து, ஹீட்டர் தானாக அணைந்துவிடும். இன்ஜினை ஓடவிட்டுப் பற்றவைத்துப் பாருங்கள். பற்றினால் குற்றவாளி பேட்டரி. மூன்றாவது, வேனுக்கடியில் உள்ள புகைக்குழாயில் சேறு அல்லது பனி. தொடர்ந்து பலமுறை பற்றவைக்க முயன்றால் கட்டுப்பாட்டுப் பெட்டி பூட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு முறைக்கு மேல் பொத்தானை அழுத்தாமல் காரணத்தைத் தேடுங்கள். காலையில் அணைக்கும் முன் கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டால் உள்ளே கரி படியாது.

எந்தக் கேஸ் சிலிண்டர்?

சிவப்பு, அதாவது புரொப்பேன். பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை நெருங்கும்போதே ஆவியாவதை நிறுத்திவிடும். சிலிண்டரை ஆட்டினால் திரவம் குலுங்கும், அடுப்பு மட்டும் எரியாது. புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். கேலர் நிறுவனத்தின் நீலச் சிலிண்டர் பியூட்டேன், சிவப்பு புரொப்பேன். இரண்டின் இணைப்புகளும் வேறு, எனவே வழியில் மாற்ற நினைத்தால் அதற்கான குழாயும் வேண்டும். கேஸ் பெட்டியின் தரைத் துளையைக் குளிர் வருகிறதென்று அடைக்காதீர்கள்; கசியும் வாயு காற்றைவிடக் கனமானது, வெளியேற அது ஒன்றே வழி. கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வேலை செய்கிறதா என்று முதல் நாளே அழுத்திப் பாருங்கள். அடுப்பைக் கொண்டு வேனைச் சூடாக்கக் கூடாது.

காலையில் சுவரெல்லாம் தண்ணீர் வழிகிறது. கூரை ஒழுகுகிறதா?

பெரும்பாலும் இல்லை, அது உங்கள் மூச்சு. இருவர் தூங்கினால் ஒரு இரவில் அரை லிட்டர் அளவுக்கு நீராவி வெளிவரும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீர் உண்டாகும். அதற்கு மேல் சோறு, ரசம், குழம்பு என்று கொதிக்கவைத்தால் எல்லாம் கண்ணாடியில்தான் படியும். சமைக்கும்போது மூடி போட்டு, காற்று மறைவுப் பக்கத்து ஜன்னலைத் திறங்கள். இரவில் கூரைத் திறப்பு ஒரு விரல்கடை திறந்திருக்க, ஹீட்டர் குறைந்த அளவில் ஓடட்டும். மூடி வைத்தால் சூடு தங்கும் என்று நினைத்து எல்லாவற்றையும் அடைத்தால் மூன்றாம் நாள் மெத்தையின் அடி நனைந்திருக்கும்.

நனைந்த ஜாக்கெட்டுகளைப் படுக்கைமேல் தொங்கவிடாமல் கழிவறைக்குள் தொங்கவிட்டு, அதன் திறப்பைத் திறந்து வையுங்கள். ஒரே இடத்தில் மட்டும், அதுவும் காற்று வீசிய பக்கத்தில் ஈரம் என்றால் அப்போது ஒழுகலைச் சந்தேகிக்கலாம்.

சுடுநீர்த் தொட்டி தானாகக் காலியாகிவிட்டது. பழுதா?

ட்ரூமா வகை ஹீட்டர் உள்ள வேன்களில் 3 டிகிரி அளவில் தானாகத் திறந்து நீரை வெளியேற்றும் உறைபனி வால்வு உண்டு, தொட்டி வெடிக்காமல் காக்க. முதலில் வேனின் உட்புறத்தைச் சூடாக்குங்கள். வால்வின் அருகே 7 டிகிரி வந்த பிறகே அதைக் கையால் மூட முடியும். அதுவரை பம்ப்பை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் நல்ல தண்ணீரெல்லாம் தரைக்குப் போகும்.

சோலார் பலகை போதுமா?

போதாது. டிசம்பரில் டர்னஸில் நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேல் 8 டிகிரிதான். 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம். தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் நிரம்பும். புயலில் இரண்டு நாள் நின்றால் நிரம்பாது. அதனால்தான் நிற்கும் நாட்களில் 230 வோல்ட் ஹூக்-அப் (வேனுக்கான வெளி மின் இணைப்பு) உள்ள கேம்ப்சைட்டுக்குக் காசு கொடுப்பது வீணல்ல.

ஃபிரிட்ஜ் அடிக்கடி அணைகிறது.

கேஸில் ஓடும் ஃபிரிட்ஜின் சுடரை, பக்கச்சுவர்த் துவாரம் வழியாகக் காற்று ஊதி அணைக்கிறது. குளிர்கால மூடியைப் பொருத்துங்கள், அந்தப் பக்கம் மறைவில் வரும்படி நிறுத்துங்கள். இந்தக் குளிரில் பால் கெட நேரமாகும்.

கழிவறைத் தொட்டியை எங்கே காலி செய்வது?

கேம்ப்சைட்டுகளிலும் சில ஊர்களிலும் உள்ள அதற்கான இடத்தில் மட்டும். சாதாரணக் கேசட் 17–20 லிட்டர், இருவருக்கு இரண்டு மூன்று நாள். பொதுக் கழிப்பறையில் ஊற்றாதீர்கள். இந்தச் சிற்றூர்களில் பல செப்டிக் டேங்கை நம்பியவை. நீல ரசாயனம் அதிலுள்ள பாக்டீரியாவைக் கொன்று ஊருக்கே தொல்லையாகும். கூடியவரை பச்சை வகைத் திரவம் வாங்குங்கள்.

பெட்ரோல் பங்க், கடை?

அல்லாபூல், லாக்கின்வர், ஸ்கூரி, டர்னஸ், தர்சோ. அரை டேங்கில் நிரப்புவதை வழக்கமாக்குங்கள், ஹீட்டருக்கும் சேர்த்து. புயலில் மின்சாரம் போனால் பம்ப் ஓடாது, அட்டை இயந்திரமும் ஓடாது. கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். பெரிய அளவில் மளிகை வாங்க இன்வர்னஸ், அடுத்து அல்லாபூல், தர்சோ. மூன்று நாள் அரிசி, பருப்பு, குடிநீர் எப்போதும் மிச்சமிருக்க வேண்டும்.

சிக்னல் இல்லாத இடத்தில் ஆபத்து வந்தால்?

அழைக்க முடியாத மெல்லிய சிக்னலிலும் குறுஞ்செய்தி போகலாம். பிரிட்டன் சிம்மிலிருந்து ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, வரும் பதிலுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டால் பிறகு அவசரத்தில் செய்தி வழியே உதவி கேட்கலாம். கிளம்பும் முன் செய்து வையுங்கள். கடலோர விபத்து என்றால் 999-இல் கோஸ்ட்கார்டைக் கேளுங்கள். காகித வரைபடம் ஒன்று வேனில் இருக்கவேண்டும்.

புயல் அலையைப் பார்க்க எங்கே போகலாம்?

உயரத்திலிருந்து, தூரத்திலிருந்து. டங்கன்ஸ்பி முனையின் பாறைத் தூண்களும் டன்னட் ஹெட் முகடும் பார்க்கத் தகுந்தவை. ஆனால் காற்று கடலை நோக்கி வீசும் நாளில் விளிம்பை நெருங்காதீர்கள். ஈரப் பாறை மேடையில் நின்று அலையைப் படமெடுப்பது வேண்டவே வேண்டாம். பத்து அலை எட்டாத இடத்தை அடுத்த அலை தொடும். டர்னஸின் ஸ்மூ குகைக்குள் மழைக்குப் பிறகு அருவி முழங்கும். முதல் அறையிலிருந்து பார்த்தாலே போதும். பிளேர்மோரிலிருந்து சாண்ட்வுட் விரிகுடாவுக்கு நடை ஒரு பக்கம் நான்கு மைல். குளிர்காலப் பகலில் காலையிலேயே கிளம்பினால் ஒழிய வேண்டாம்.

வாடகை வேனை எடுக்கும்போதும் திருப்பும்போதும் கவனிக்க வேண்டியது?

காப்பீட்டில் கூரை, அடிப்பாகம், டயர், முன்கண்ணாடி, ஆனிங், காற்றில் மடங்கிய கதவு ஆகியவை சேருமா என்று எழுத்தில் கேளுங்கள்; பல ஒப்பந்தங்களில் சேராது. சேற்றிலிருந்து இழுத்தெடுப்பதை ‘பழுது’ என்று கணக்கில் எடுக்கமாட்டார்கள், அதையும் கேளுங்கள். டயரில் சட்டத்தின் குறைந்தபட்சம் 1.6 மி.மீ.; இந்தச் சாலைக்கு 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் வேறு வேன் கேளுங்கள். கூரையையும் சேர்த்து வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சொந்த வேன் என்றால், வீடு திரும்பிய வாரமே அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் குறைந்த அழுத்த நீரால் நன்றாக அலசுங்கள். கடற்சாரலின் உப்போடு சாலைக்குத் தூவிய உப்பும் சேர்ந்திருக்கும். கதவின் கீழ்விளிம்பில் உள்ள வடிதுளைகளில் சிக்கிய மண்ணை மெல்லிய கம்பியால் எடுங்கள். வேனின் துரு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.